கண்ணாடித் தகட்டிலிருந்து சுவர் வரை: பழைய லைனர் கப்பல் படங்களுக்குப் பிரேம் போடுவது எப்படி

பழைய பயணிகள் கப்பலின் படத்தைச் சுவரில் மாட்டினால், பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கப்பல் தெரிய வேண்டும். ஓரடிக்கு நெருங்கி வந்தால், மேல்தளக் கம்பியில் சாய்ந்து நிற்கும் மனிதர்கள் தெரிய வேண்டும். கீழே சொல்லும் வேலையெல்லாம் அந்த இரண்டாவது காட்சியைக் காப்பாற்றத்தான்.

அது தகட்டில் நிச்சயமாக இருக்கிறது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் துறைமுகங்களைப் படமெடுத்த டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்களில் பல 8-க்கு 10 அங்குலம். பிற்காலத்து 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 60 மடங்கு பரப்பு. கப்பலின் வட்டச் சன்னல்கள், அதன் உடலின் எஃகுத் தகடுகள் சேரும் கோடு, கரையில் நிற்பவரின் தொப்பி விளிம்பு, எல்லாம் அதில் பதிந்திருக்கும். மோசமான கோப்பு, அவசர அச்சு, பசை தடவிய பிரேம் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அது தொலைகிறது.

எந்தப் படத்தை எடுப்பது

முதல் முறை பிரேம் போடுபவர்கள் பெரும்பாலும் டைட்டானிக்கில் தொடங்குகிறார்கள். தவறில்லை. ஆனால் டைட்டானிக் கடலில் இருந்தது சில நாள்களே. நல்ல படங்கள் குறைவு. அதற்கு முன்னும் பக்கத்திலும் இருந்த கப்பல்களைப் பார்த்தால் தேர்வு விரியும்.

மிகப் பழைய பக்கத்தில் நிற்பது கிரேட் ஈஸ்டர்ன். லண்டன் மில்வாலில் கட்டி, 1857 நவம்பரில் நீரில் இறக்க முயன்று, 1858 ஜனவரி 31 அன்றுதான் மிதக்க வைத்தார்கள். நீளம் 692 அடி. இதைக் கட்டிய பொறியாளர் புரூனெலை, ராட்சதச் சங்கிலிகளின் முன்னால் சுருட்டுடனும் சேறு படிந்த கால்சட்டையுடனும் நிற்க வைத்து 1857-இல் ராபர்ட் ஹவ்லெட் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கப்பல் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது, சங்கிலிதான் தெரியும். கப்பல் எவ்வளவு பெரியது என்பதை அந்தச் சங்கிலியே சொல்லிவிடுகிறது. நிற்கும் நிலையில் உள்ள படம் என்பதால் குறுகலான சுவருக்கும் பொருந்தும்.

அடுத்தது நான்கு புகைபோக்கிக் காலம். 1897-இல் வந்த ஜெர்மானியக் கப்பல் கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ அதைத் தொடங்கி வைத்தது. 1907-இல் கியூனார்ட் நிறுவனத்தின் லூசிடேனியாவும் மொரிடேனியாவும் வந்தன. 1911-இல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஒலிம்பிக், 1914-இல் அக்விடேனியா. வீட்டுச் சுவருக்கு ஏற்ற படங்கள் மிகுதியாகக் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். கப்பல் கட்டும் தளத்தில் உந்துவிசிறிக்கு அடியில் ஆட்கள் நிற்கும் படம், துறைமுகத்துக்கு வரும் படம், உள்ளே சாப்பாட்டுக் கூடத்தின் படம் என மூன்று வகை உண்டு. ஒரே ஒரு படம்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால் துறைமுகத்துக்கு வரும் படத்தை எடுங்கள். கரையும் இழுவைப் படகுகளும் கூட்டமும் சேர்ந்து அளவைக் காட்டும். நடுக்கடலில் தனியாக நிற்கும் கப்பலின் படம் எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் பொம்மை மாதிரி தோன்றும், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால்.

கிழக்குப் பாதைக் கப்பல்கள் வேண்டுமென்றால் கொழும்புத் துறைமுக அஞ்சலட்டைகளைத் தேடலாம். பிளாட்டே நிறுவனம் வெளியிட்டவை பல கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அஞ்சலட்டை என்பது ஐந்தரைக்கு மூன்றரை அங்குலம்தான். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சான அட்டை. பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். அதே அளவில், 12-க்கு 10 அங்குல பிரேமில், படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டமான மவுண்ட்டை அகலமாக வெட்டி, அதன் நடுவே வையுங்கள். சின்னப் படத்தைச் சுற்றி நிறைய வெற்றிடம் இருந்தால் பார்ப்பவர் தானாகக் குனிந்து நெருங்குவார்.

பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் செலவழியுங்கள்

இணையத்தில் இந்தக் கப்பல்களின் பெயர்கள் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன. சுவரில் மாட்டியபின் விருந்தாளி ஒருவர் திருத்துவதைவிட, முன்பே பார்த்துவிடுவது நல்லது.

டைட்டானிக் நியூயார்க்கை எட்டவே இல்லை. ஆகவே "நியூயார்க்கில் டைட்டானிக்" என்று எழுதிய படம் எதுவானாலும் அது ஒலிம்பிக், அல்லது வேறு கப்பல். வெளிர் நிற உடலோடு நீரில் இறங்கும் படமும் ஒலிம்பிக்தான். 1910 அக்டோபர் 20 அன்று நடந்த அந்த நிகழ்வுக்காகப் படத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று வெளிர் நிறம் அடித்திருந்தார்கள். 1911 மே 31 அன்று இறங்கிய டைட்டானிக்கின் உடல் கறுப்பு. கடலில் இருக்கும் படமென்றால் மேலேயுள்ள உலாவுத் தளத்தைப் பாருங்கள். டைட்டானிக்கில் அதன் முன் பாதி சன்னல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். ஒலிம்பிக்கில் முழு நீளமும் திறந்திருக்கும். புகழ்பெற்ற பெரிய படிக்கட்டின் படங்களும் பெரும்பாலும் ஒலிம்பிக்கில் எடுத்தவை.

லூசிடேனியாவையும் மொரிடேனியாவையும் பிரிக்கக் காற்றுக்குழாய்களைப் பாருங்கள். மொரிடேனியாவின் மேல்தளத்தில் பெரிய வாய் திறந்த, வளைந்த குழாய்கள் வரிசையாக நிற்கும். லூசிடேனியாவில் மூடி போட்ட டப்பா போன்றவை. ஜெர்மானிய நான்கு புகைபோக்கிக் கப்பல்களில் புகைபோக்கிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும், கொதிகலன் அறைகள் கீழே இரண்டு கூட்டமாகப் பிரிந்திருப்பதால். பிரிட்டிஷ் கப்பல்களில் நான்கும் சம இடைவெளியில் நிற்கும்.

ஒலிம்பிக் வகைக் கப்பல்களில் நான்காவது புகைபோக்கி கொதிகலனோடு சேராதது, முக்கியமாகக் காற்றோட்டத்துக்கானது. அதிலிருந்து கரும்புகை கொட்டும் படத்தைக் கண்டால், யாரோ தூரிகையால் வரைந்த புகை என்று வைத்துக்கொள்ளலாம். அஞ்சலட்டைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே புகை, அலை, மேகம் எல்லாம் சேர்த்தார்கள்.

இன்னொரு பொறி, இடவலம் மாறிய படம். கண்ணாடித் தகட்டைத் தப்பான பக்கம் வைத்து ஸ்கேன் செய்தால் இப்படி ஆகும். கப்பலின் முன்முனையிலோ கரைக் கட்டடத்திலோ உள்ள எழுத்தை வாசித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோப்பை எங்கே எடுப்பது, எவ்வளவு பெரிதாக

தொடங்க நல்ல இடம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளம். டெட்ராய்ட் தொகுப்பு, செய்திப்படம் விற்ற பெயின் நிறுவனத்தின் தொகுப்பு இரண்டும் அங்கே இருக்கின்றன. கப்பலின் பெயரை ஆங்கிலத்தில் தேடுங்கள். படத்தின் பக்கத்தில் உரிமை பற்றிய வரி இருக்கும். தடை எதுவும் அறியப்படவில்லை என்று போட்டிருந்தால் கவலையின்றி எடுக்கலாம். பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் ராபர்ட் வெல்ச் எடுத்த படங்கள் வட அயர்லாந்து தேசிய அருங்காட்சியகங்களின் வசம் உள்ளன. ஹவ்லெட்டின் புரூனெல் படத்தின் ஒரு பிரதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தியச் சட்டப்படி புகைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1914-க்கு முன் வெளியான படத்தில் அது முடிந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ஸ்கேன் கோப்புக்கு அருங்காட்சியகங்கள் தனி நிபந்தனை வைப்பதுண்டு. அச்சிட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் அதை முழுதாகப் படியுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த இடத்தில். பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படும் ஜேபெக் படத்தைச் சேமித்துக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது 1,024 பிக்சல் அகலம் என்றால், அங்குலத்துக்கு 240 பிக்சல் கணக்கில் நாலே கால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதே பக்கத்தில் பெரிய டிஃப் கோப்பு இருக்கும். பதிவிறக்க நேரமாகும், அதைத்தான் எடுக்க வேண்டும். கணக்கு எளிது. நீளப் பக்கத்தின் பிக்சலை 240-ஆல் வகுத்தால் தெளிவாக அச்சிடக்கூடிய அங்குலம் வரும். 20-க்கு 16 அங்குலப் படத்துக்கு 4,800-க்கு 3,840 பிக்சல் தேவை. சோபாவுக்கு மேலே, ஐந்தடி தள்ளியே பார்க்கும் இடமென்றால் 180 போதும். நெருங்கிப் பார்க்கும் நடைவழி என்றால் 300-க்குப் போங்கள்.

பிக்சல் போதவில்லையென்றால் படத்தைச் சிறிதாக்குங்கள், செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் மென்பொருளிடம் கொடுக்காதீர்கள். அது வட்டச் சன்னல்களை ஒழுங்கற்ற கறைகளாக மாற்றும், தளத்தில் நிற்பவர்களின் முகத்தைத் தானே கற்பனை செய்து வரையும். தள்ளி நின்றால் பளிச்சென்றிருக்கும். நெருங்கினால் அங்கே நிற்பவர் யாருமில்லை, இயந்திரம் வரைந்த பொம்மை.

தூசி துடைப்பதும், கை வைக்கக் கூடாத இடங்களும்

போட்டோஷாப் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும். கோப்பை 16 பிட்டிலேயே வைத்து, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் மட்டம். கடல் தொடுவானம் தெரிந்தால் அதை மட்டமாக்குங்கள். தெரியாவிட்டால் கரைக் கட்டடத்தின் செங்குத்து மூலையை வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நீர்க்கோட்டை மட்டமாக்காதீர்கள். சாய்வாக வரும் கப்பலில் அந்தக் கோடு கண்ணுக்கு இயல்பாகவே சரியும். கொடிமரத்தையும் புகைபோக்கியையும் நேராக்கவும் கூடாது. அவற்றைப் பின்னோக்கிச் சாய்த்தே கட்டினார்கள். நேராக்கினால் கடலே ஒரு பக்கம் ஒழுகுவது போலாகிவிடும்.

அடுத்தது தூசியும் கீறலும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடது மேல் மூலையில் தொடங்கி, வயலில் களை பறிப்பது போல வரிசை வரிசையாக வாருங்கள். ஹீலிங் பிரஷ் வானத்துக்கு, குளோன் கப்பலின் உடலுக்கு. முழுப் படத்துக்கும் ஒரே சொடுக்கில் கீறல் நீக்கும் வசதியைத் தொடாதீர்கள். கொடிமரங்களுக்கு இடையே கட்டிய கம்பியில்லாத் தந்தியின் கம்பிகளும், மரத்தைத் தாங்கும் கயிறுகளும் மென்பொருளின் கண்ணுக்குக் கீறல்தான். கயிறெல்லாம் காணாமல் போய் மொட்டை மரம் நிற்கும் படங்கள் இப்படித்தான் உருவாகின்றன. மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைக் கண்டால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடருங்கள். இரு முனையும் கப்பலின் ஏதோ ஓர் உறுப்பில் முடிந்தால் அது கயிறு. வானத்தில் தொடங்கிக் கப்பலைத் தாண்டி நீரில் முடிந்தால் கீறல்.

பெயின் நிறுவனத் தகடுகளின் அடியில் கையெழுத்தில் கப்பலின் பெயர் வெள்ளையாக இருக்கும். வெட்டிவிடலாம் என்று தோன்றும். இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. செய்தி அலுவலக மேசையைத் தாண்டி வந்த அடையாளம் அது.

வானம் வெறும் வெள்ளையாக இருப்பது குறையல்ல. அந்தக் காலத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக வினை புரிந்ததால் வானம் வெளுத்தே பதியும். சிவப்புக்கு அவை ஏறக்குறைய குருடு. கியூனார்ட் கப்பல்களின் செம்மஞ்சள் புகைபோக்கி படத்தில் கருமையாகத் தெரிவது இதனால்தான். வண்ணம் பூசும் மென்பொருள் அந்தக் கருமையை நம்பிப் புகைபோக்கிக்குச் சாம்பல் பூசிவிடும். கறுப்பு வெள்ளையாகவே விடுங்கள்.

கறுப்பு உடலுக்கு மட்டும் கொஞ்சம் கவனிப்பு தேவை. கர்வ்ஸ் கருவியில் இருண்ட கால் பகுதியைச் சற்று உயர்த்தி, வட்டச் சன்னல் வரிசை பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு சாம்பலாகிக் கப்பலின் எடையே போய்விடும். நிறச்சாயல் விஷயத்தில், கிரேட் ஈஸ்டர்ன் காலத்து அச்சுகள் முட்டை வெண்கரு பூசிய தாளில் வந்தவை, ஆகவே பழுப்புச் சாயல் பொருத்தம். 1907, 1911 படங்களுக்கு லேசான வெதுவெதுப்பு போதும். எல்லாவற்றுக்கும் காப்பிப்பொடி நிறம் அடிப்பது வேண்டாம்.

அச்சு

கடையில் கேட்க வேண்டியது பிக்மென்ட் மை. டை மையில் அடித்தது வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். தாள், பருத்தி நாரில் செய்த 300 ஜிஎஸ்எம் மேட் தாள், அல்லது பேரியம் பூச்சுள்ள பரைட்டா தாள். கறுப்பு உடல் கொண்ட 1900-க்குப் பிந்தைய கப்பல்களுக்குப் பரைட்டா நல்லது. அதில் கறுப்பு ஆழமாக இறங்கும். புரூனெல் படம் போன்றவற்றுக்கு மேட் தாள் அழகு. கேன்வாஸ் வேண்டாம். துணியின் நெசவே நுட்பத்தைத் தின்றுவிடும்.

"திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் இருட்டாக வந்தது" என்பது எல்லோரும் சொல்லும் குறை. காரணம் திரையின் வெளிச்சம். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் அறை வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்குச் சமமாகும் வரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் திருத்த வேலை செய்யுங்கள். முழு அச்சுக்கு முன்னால், கப்பலின் இருண்ட உடலும் கொஞ்சம் வானமும் சேர்ந்த ஒரு துண்டை இறுதி அளவிலேயே 8-க்கு 10 அங்குலத்தில் அடித்து வாங்குங்கள். அதைப் படம் மாட்டப்போகும் சுவரருகே கொண்டுபோய் மாலை விளக்கில் பாருங்கள்.

படத்தைச் சுற்றி ஓர் அங்குலம் வெள்ளை விளிம்பு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். வந்ததும் சுருட்டி வைக்காமல், மேலே வெற்றுத்தாள் பரப்பி ஒரு முழுநாள் காய விடுங்கள். மையில் உள்ள ஈரப்பொருள் முழுக்க வெளியேறாமல் பிரேமுக்குள் போனால், சில வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தது போல மங்கும்.

மவுண்ட், கண்ணாடி, பிரேம்

ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்கலாம். படம் 20-க்கு 16 அங்குலம். விளிம்போடு தாள் 22-க்கு 18. மவுண்ட் போர்டில் வெட்டும் சன்னல் 20½-க்கு 16½. அதாவது படத்தைச் சுற்றிக் கால் அங்குலம் தாளின் வெள்ளை தெரியும், முக்கால் அங்குலம் தாள் மவுண்டுக்குள் மறையும். மவுண்டின் அகலம் மேற்பக்கத்திலும் இருபுறமும் 3 அங்குலம், கீழே 3½. கீழே சற்றுக் கூடுதலாக இல்லாவிட்டால் படம் கீழே நழுவுவது போலத் தெரியும். மொத்தம் 26½-க்கு 23. பிரேமின் உட்பள்ளம் ஒவ்வொரு திசையிலும் 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், மழைக்காலத்தில் போர்டு விரிய இடம் வேண்டும்.

மவுண்ட் போர்டு அமிலமற்றதா என்று கேளுங்கள். 45 பாகைச் சாய்வில் வெட்டிய ஓரம் தூய வெள்ளையாக இருக்க வேண்டும். சாதாரண போர்டில் அந்த ஓரம் ஓரிரு ஆண்டில் மஞ்சளாகி, பிறகு அந்த மஞ்சள் படத்துக்கும் தாவும். நிறம், தந்த வெள்ளை. நீலம், அடர்பச்சை எல்லாம் படத்தின் சாம்பல் நிறங்களோடு சண்டை போடும்.

படத்தை மவுண்டில் பொருத்துவதுதான் கடைகளில் பெரும்பாலும் கெடும் இடம். கேட்காமலேயே ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். ஈரத்தில் தாள் விரியும், வெயில் நாளில் சுருங்கும். முழுக்க ஒட்டிய தாளுக்கு நகர வழியில்லாததால் குமிழியும் அலையும் எழும். திரும்ப எடுக்கவும் முடியாது. "ஒட்டக் கூடாது, கார்னர் போட்டு வையுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமிலமற்ற தாளில் மடித்த முக்கோண உறைகள் நான்கைப் பின் போர்டில் ஒட்டி, அவற்றுக்குள் படத்தின் மூலைகளைச் செருகினால் போதும். முக்கால் அங்குல மறைவு இருப்பதால் மூலைகள் வெளியே தெரியாது. ஓரத்துக்கும் உறைக்கும் நடுவே ஒரு மி.மீ. தளர்ச்சி விடுங்கள்.

மேலே மட்டும் ஒட்டித் தொங்கவிடும் முறையும் உண்டு, ஜப்பானியத் தாள் துண்டும் பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சும் வைத்து. சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையை அதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது. அதில் பசையம் அப்படியே இருக்கும், மயில்துத்தமும் கலந்திருக்கும். தாளில் கறை விழும். இருபக்கம் ஒட்டும் டேப்பும் பழுப்பு டேப்பும் அதைவிட மோசம்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. மவுண்ட் நடுவில் இருந்தால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். மவுண்ட் வேண்டாம் என்பவர்கள் ஓரத்தில் ஸ்பேசர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது படத்தின் ஒரு பகுதியைக் கிழித்துக்கொண்டு வரும். நம் கணக்கில் வந்த அளவுக்கு 2 மி.மீ. கண்ணாடி சுமார் 2 கிலோ; அதே தடிமன் அக்ரிலிக் ஒரு கிலோவுக்குள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் அதற்குச் செலவு செய்யலாம், ஆனால் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் அதைத் துடைக்காதீர்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் சொரசொரப்பான கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள். மவுண்டின் தடிமன் அளவு தள்ளி இருந்தாலே அது படத்தை மசமசப்பாக்கும். கம்பியருகே நிற்கும் ஆட்கள் முதலில் மறைவார்கள்.

கண்ணாடி, மவுண்ட், பின் போர்டு, முதுகுப் பலகை எல்லாம் சேர்த்தால் 10 மி.மீ. வரும். ஆகவே உட்பள்ளத்தின் ஆழம் 13 மி.மீ.க்குக் குறையாத பிரேம் வேண்டும். கறுப்போ அடர்பழுப்போ, 20 முதல் 25 மி.மீ. அகல மரம். கயிறு சுற்றியதும் சுக்கான் சக்கரம் பொறித்ததும் வேண்டாம். படத்தில் உண்மையான கயிறு இருக்கிறது. முதுகுப் பலகைக்கு எம்டிஎஃப் போடுவார்கள். அதற்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற போர்டு ஒன்று இருக்க வேண்டும். பின்பக்கம் முழுக்கத் தாள் டேப்பால் இடைவெளியின்றி மூடச் சொல்லுங்கள், இராமபாணப் பூச்சி நுழைவது அந்த இடுக்கில்தான். நாப்தலீன் உருண்டையை உள்ளே போட வேண்டாம்.

மூடுவதற்கு முன், பின் போர்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்: கப்பலின் பெயர், எங்கே எந்த ஆண்டு எடுத்தது, எடுத்தவர் தெரிந்தால் அவர் பெயர், காப்பகத்தின் பட எண். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

மாட்டுவது

நேர் வெயில் விழாத சுவர். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம், உட்சுவர் நல்லது. சமையலறையை ஒட்டிய சுவரையும், ஊதுபத்திப் புகை படும் இடத்தையும் தவிருங்கள். படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குலம்.

கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு பெயரும். 6 மி.மீ. பிட்டால் துளை போட்டு, பிளக் செருகி, ஒன்றரை அங்குலத் திருகாணி போடுங்கள். இரண்டு திருகாணியில் தொங்கும் படம் கோணாது. பிரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பொத்தான் இரண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது.

இரண்டு மூன்று கப்பல்களை ஒரே வரிசையில் மாட்டும்போது எல்லோரும் பிரேமின் மேல் விளிம்பைத்தான் மட்டம் பார்க்கிறார்கள். கப்பல் படங்களில் கண் தேடுவது தொடுவானத்தை. ஒரு படத்தில் அது மூன்றில் ஒரு பங்கு உயரத்திலும், பக்கத்துப் படத்தில் பாதியிலும் இருந்தால், விளிம்புகள் சரியாக இருந்தாலும் சுவர் ஆடுவது போலிருக்கும். வெட்டும் கட்டத்திலேயே எல்லாப் படங்களிலும் தொடுவானம் அடியிலிருந்து ஒரே அங்குலத்தில் வருமாறு வெட்டிக்கொள்ளுங்கள். அப்படி வெட்டும்போது கப்பலின் முன்முனைக்கு எதிரே, மீனவர்கள் அணியம் என்று சொல்லும் பக்கத்தில், பின்பக்கத்தைவிடக் கூடுதலாக நீர் விடுங்கள். போக இடமில்லாத கப்பல் பிரேமில் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். பிரேம்களுக்கு நடுவே 2 அங்குலம் போதும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை படத்தை இறக்கி முதுகைப் பாருங்கள். டேப் எங்காவது தூக்கியிருந்தால் புதிது ஒட்டுங்கள். கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தால் திறந்து துடைத்து, படத்தை ஒரு நாள் காற்றாட வைத்து மூடுங்கள். தாள் லேசாக அலை போலிருந்தால் மூலை உறைகள் இறுக்கமாக இருக்கின்றன என்று பொருள். ஒன்றை எடுத்துவிட்டு அரை மி.மீ. தள்ளி ஒட்டினால் தாள் படிந்துவிடும்.